சொந்த பாட்டிலோடு கப்பல் ஏறலாமா? என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்களும் உறவுக்காரர்களுமாகப் பத்திருபது பேர் சேர்ந்து அவ்வப்போது சொகுசுக் கப்பலில் போவோம். டிக்கெட் போடுவது என் பொறுப்பு, அதனால் சந்தேகங்களும் என் போனுக்குத்தான் வரும். எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறோம் என்று கேட்பவர்களைவிட, பாட்டில் எடுத்து வரலாமா என்று கேட்பவர்கள்தான் அதிகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதிவைத்தேன். கேள்விகள் கேட்டவர்கள் பேச்சிலேயே இருக்கின்றன.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். கப்பல் கம்பெனிகள் இந்த விதிகளை அடிக்கடி மாற்றும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் உங்கள் கம்பெனியின் இணையதளத்தில் மதுபான விதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

அண்ணே, சரக்கு எடுத்துட்டுப் போகலாமா கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒயின் என்றால் பெரும்பாலும் சரி. விஸ்கி, பிராந்தி, ரம், வோட்கா என்றால் பெரும்பாலும் கூடாது. பீருக்கும் பல கப்பல்களில் அனுமதி இல்லை. ஒரே வார்த்தை கேட்டீர்கள், மூன்று வாக்கியம் ஆகிவிட்டது. இதற்குமேல் சுருக்க முடியாது.

ஒரு பாட்டில் ஒயின்னா எவ்வளவு? எங்கிட்ட ஒன்றரை லிட்டர் பாட்டில் இருக்கு.

விதியில் பாட்டில் என்று சொன்னால் பெரும்பாலும் 750 மில்லிதான், அதாவது நாம் ஃபுல் என்கிறோமே அதே அளவு. ஒன்றரை லிட்டரைக் கொண்டுபோய் "இதுவும் ஒரு பாட்டில்தானே" என்று வாதாடிப் பயனில்லை. சீல் உடையாமல் இருக்க வேண்டும். ஷாம்பெயினும் மற்ற நுரைக்கும் ஒயின்களும் ஒயின் கணக்கிலேயே வரும். அட்டைப்பெட்டியில் குழாய் வைத்து வரும் ஒயினைப் பொதுவாக ஏற்பதில்லை.

திருகு மூடி போட்ட பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள். கார்க் என்றால் திறப்பானுக்கு அலைய வேண்டும். கத்தி சேர்ந்த திறப்பானைக் கைப்பையில் வைத்திருந்தால் விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.

எல்லாக் கப்பலுக்கும் ஒரே ரூல்தானா?

இல்லை. குழப்பமே இங்குதான் ஆரம்பிக்கிறது. போன தடவை வேறு கம்பெனியில் போனவர் சொன்னதை நம்பி இந்தத் தடவை மூட்டை கட்டுவார்கள். ராயல் கரீபியன், கார்னிவல் என்ற கம்பெனிகளில் குடிக்கும் வயதை எட்டிய ஒவ்வொருவரும், ஏறும் நாளில் மட்டும், 750 மில்லி ஒயின் ஒன்று கொண்டுவரலாம். பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா இரண்டிலும் ஆளுக்கு ஒன்று இலவசம். அதற்குமேல் கொண்டுபோனால் பாட்டிலுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். நார்வீஜியனில் எத்தனை ஒயின் வேண்டுமானாலும் ஏற்றலாம், ஆனால் முதல் பாட்டிலுக்கே காசு உண்டு.

டிஸ்னி இன்னும் தாராளம். பெரியவர் ஒருவருக்கு இரண்டு ஒயின் அல்லது ஆறு பீர். ஏறும் நாளில் மட்டுமல்ல, வழியில் நிற்கும் ஒவ்வொரு துறைமுகத்திலும் அதே அளவு கொண்டுவரலாம். 2015 வரைக்கும் அங்கே விஸ்கி, ரம்கூடக் கொண்டுபோக முடிந்தது. அதை நினைத்துப் பெருமூச்சு விடும் ஆட்கள் எங்கள் குழுவிலும் உண்டு. பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூசஸ் ஆளுக்கு ஒரு லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறது, அதில் ஸ்பிரிட்டும், அதாவது விஸ்கி, ரம் வகையும், அடங்கும். வைகிங்கில் கட்டுப்பாடே இல்லை என்று சொல்லலாம்: உங்கள் பாட்டிலைக் கொண்டுவந்து குடியுங்கள், கட்டணமும் கிடையாது. இதற்கு நேர் எதிர் எம்.எஸ்.சி., அங்கே வெளிப்பானம் எதற்கும் இடமில்லை.

சவூதி அரேபியாவின் ஆரோயா 2024 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. அந்தக் கப்பலிலேயே மது கிடையாது, ஆகவே இந்தக் கேள்விக்கும் வேலையில்லை.

ஏன் இவ்வளவு கெடுபிடி? அவங்க பார் ஓடணும், அதானே?

அதேதான், மறைக்க ஒன்றுமில்லை. கார்னிவல் குழுமத்தின் 2023 கணக்கில் மொத்த வருமானம் சுமார் 2,160 கோடி டாலர். அதில் 750 கோடி அளவுக்கு டிக்கெட்டுக்கு வெளியே வந்தது: பார், சூதாட்டக்கூடம், சுற்றுலா, கடை என்று. அதாவது மூன்றில் ஒரு பங்கு. டிக்கெட்டைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தபின் வசூலிப்பதுதான் இந்தத் தொழிலின் கணக்கு. வீட்டிலிருந்து விஸ்கி வந்தால் அந்தக் கணக்கு இடிக்கும்.

பாதுகாப்பும் ஒரு காரணம், அதைச் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. பாரில் குடித்தால் எத்தனை போனது என்று ஊழியருக்குத் தெரியும், போதும் என்று நிறுத்த முடியும். கேபினுக்குள் பூட்டிக்கொண்டு குடிப்பவரை யார் எண்ணுவது? வெளியே பால்கனி, கீழே கடல். அமெரிக்காவில் 2010-இல் வந்த பயணிக் கப்பல் பாதுகாப்புச் சட்டம், கைப்பிடிக் கம்பி 42 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. கிட்டத்தட்ட என் நெஞ்சுயரம். நிதானத்தில் இருப்பவருக்கு அது போதும்.

பாட்டிலைப் பெட்டியில போட்டு அனுப்பிடவா, கையில வெச்சுக்கவா?

கையில். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். அனுமதித்த ஒயினாகவே இருந்தாலும் கைப்பையில் வைத்து, சோதனை மேசையில் எல்லார் கண்ணிலும் படுமாறு எடுத்துக் காட்டுங்கள். துறைமுக வாசலில் சுமை தூக்குபவரிடம் கொடுக்கும் பெரிய பெட்டிக்குள் வைத்தால், எக்ஸ்ரேயில் பாட்டில் தெரிந்ததும் அந்தப் பெட்டியை ஓரங்கட்டிவிடுவார்கள். மற்றவர்கள் பெட்டி எல்லாம் கேபின் வாசலுக்கு வந்திருக்கும். உங்களுடையது மட்டும் வராது, மாற்றுத்துணிகூட இல்லாமல் இரவுச் சாப்பாட்டுக்குப் போவீர்கள்.

இன்னொரு காரணம் என் சொந்த அனுபவம். முதல் பயணத்தில் சிவப்பு ஒயின் ஒன்றைச் சட்டைகளுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றிவைத்தேன். கேபினில் பெட்டியைத் திறந்தபோது பாட்டில் கழுத்தில் விரிசல், ஐந்து சட்டையும் ஒரே நிறம். அந்தக் கப்பலின் சலவைக்கூலியில் நல்ல ஒயினாக இரண்டு வாங்கியிருக்கலாம்.

எங்க வீட்டுல நாலு பேர். ரெண்டு பேர் தொடவே மாட்டாங்க. அவங்க பங்கையும் நான் கொண்டுபோகலாமா?

அவர்கள் வயது வந்தவர்கள் என்றால் பிரச்சினையில்லை. அவரவர் பாட்டில் அவரவர் கையில் இருக்கட்டும். நான்கையும் ஒரே பையில் போட்டு நீங்கள் மட்டும் வரிசையில் நின்றால் தேவையில்லாத கேள்வி வரும். உள்ளே போனபின் யார் குடிக்கிறார்கள் என்று யாரும் வந்து பார்க்கப்போவதில்லை.

பிள்ளைகள் கணக்கில் எடுக்க முடியாது. வயது வரம்பு கம்பெனியைப் பொறுத்தும் கப்பல் கிளம்பும் இடத்தைப் பொறுத்தும் மாறும். ராயல் கரீபியனில் வட அமெரிக்காவிலிருந்து கிளம்பினால் 21. ஐரோப்பா, ஆசியா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்காவிலிருந்து கிளம்பினால் 18. பத்தொன்பது வயதுப் பையனை நம்பிக் கணக்குப் போடும்முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்க்கேஜ்னு பில்லுல பதினஞ்சு டாலர் போட்டிருக்காங்க. பாட்டில் என்னுது, எதுக்குக் காசு?

உங்கள் பாட்டிலை அவர்கள் மேசையில், அவர்கள் கோப்பையில் குடிப்பதற்கான கட்டணம். கார்னிவலில் சாப்பாட்டு அறைக்கு எடுத்துப்போனால் 15 டாலர், கேபினிலேயே குடித்தால் ஒன்றுமில்லை. நார்வீஜியனில் எங்கே குடித்தாலும், கேபினானாலும், 750 மில்லிக்கு 15 டாலர், ஒன்றரை லிட்டருக்கு 30.

இதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. கடையில் எட்டு டாலருக்கு வாங்கிய ஒயினுக்குப் பதினைந்து டாலர் கட்டுவது வீண். கப்பலில் கிடைக்காத, நீங்கள் ஆசையாகத் தேடி வாங்கிய ஒயின் என்றால் அந்தப் பதினைந்து பெரிதில்லை.

தண்ணி பாட்டில், கோலாகூட எடுத்துட்டு வரக் கூடாதாமே?

நம் ஆட்களின் கைங்கரியம். தண்ணீர் பாட்டிலில் வோட்காவையும் கோலா பாட்டிலில் ரம்மையும் ஊற்றி மூடியை மறுபடி ஒட்டிக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துச் சோதனை வரிசை நீண்டுபோனதால் 2015 ஜூலையில் கார்னிவலும் நார்வீஜியனும் பாட்டில் பானங்களை நிறுத்தின. கார்னிவலில் இப்போது டப்பாவில் அடைத்தது என்றால் ஆளுக்கு 12 வரை, ஒவ்வொன்றும் 355 மில்லிக்கு மிகாமல், ஏறும் நாளில் கையில் கொண்டுவரலாம். டப்பாவைத் திறந்து ஊற்றி மூட முடியாதல்லவா!

மச்சான், மவுத்வாஷ் பாட்டில்ல பச்சைக் கலர் போட்டு வோட்கா ஊத்திட்டா யாருக்குத் தெரியப்போகுது?

எங்கள் குழுவில் ஒருவர் இதையேதான் செய்தார். முதல் நாள் மாலை ஆறு மணி, எல்லாருக்கும் பெட்டி வந்துவிட்டது, அவருக்கு வரவில்லை. கேபின் கதவடியில் ஒரு துண்டுச்சீட்டு: கீழ்த்தளத்தில் பாதுகாப்பு அறைக்கு வரவும். துணைக்கு நானும் போனேன். நீளமான மேசை, அதன்மேல் கேபின் எண் எழுதிய காகிதத்தோடு வரிசையாகச் சாமான்கள். இரண்டு இஸ்திரிப் பெட்டி, ஒரு மின்கெட்டில், மெழுகுவர்த்தி, அரை டஜன் பாட்டில். ஒரு மூலையில் பறிபோன பெட்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

அதிகாரி பச்சைப் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். மவுத்வாஷ் என்றால் குலுக்கினால் நுரை தங்கும், இது தங்கவில்லை. மூடியைத் திருகினார், சீல் சொடுக்கும் சத்தம் வரவில்லை. மோந்தார். ஒன்றும் பேசாமல் பக்கத்தில் இருந்த வாளியில் ஊற்றிவிட்டுக் காலி பாட்டிலை நண்பர் கையில் கொடுத்தார். அவர் சலித்தும் கொள்ளவில்லை, சிரிக்கவும் இல்லை. ஒவ்வொரு பயணத்திலும் அவர் பார்ப்பதுதானே.

சன்ஸ்க்ரீன் குப்பி, ஷாம்பூ குப்பி, மடித்துவைக்கும் பிளாஸ்டிக் பை, பைனாகுலர் வடிவப் புட்டி என்று இதற்கென்றே சாமான்கள் விற்கின்றன. நீங்கள் பார்த்த அதே விளம்பரத்தைச் சோதனைக்காரர்களும் பார்த்திருக்கிறார்கள். தப்பித்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் தப்பித்தவர் மட்டும்தான் ஊரெல்லாம் கதை சொல்வார். வாளியில் போனவர் வாய் திறக்க மாட்டார். அதனால் இது சுலபம் என்று தோன்றுகிறது.

சரி, மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவாங்க? இறக்கி விட்ருவாங்களா?

முதல் தடவை என்றால் சாதாரணமாகப் பொருள் போகும், அவ்வளவுதான். சில கம்பெனிகள் அங்கேயே கொட்டிவிடும், இழப்பீடு கேட்க முடியாது. சில கம்பெனிகள் சீல் உடையாத பாட்டிலாக இருந்தால் வைத்திருந்து கடைசி நாள் திருப்பித் தரும். வேறு பொருளில் மறைத்துவைத்ததைத் திருப்பித் தருவது அரிது. டிக்கெட்டோடு நீங்கள் ஒப்புக்கொண்ட பயண ஒப்பந்தத்தில் விதி மீறுபவரை இறக்கிவிடும் உரிமையையும் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு பாட்டிலுக்காக அது நடந்து நான் பார்த்ததில்லை. குடித்துவிட்டு ரகளை செய்தவருக்கு நடந்திருக்கிறது.

தவறுதலாகப் பையில் இருந்துவிட்டால் சோதனை மேசையில் நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் முகம் இளகுவதைப் பார்ப்பீர்கள்.

வழியில துறைமுகத்துல இறங்கி வாங்கினா? கப்பல் கடையிலயே வாங்கினா?

வாங்கலாம், உடனே குடிக்க முடியாது. துறைமுகத்தில் வாங்கிய பாட்டிலைக் கப்பல் வாசல் எக்ஸ்ரேயில் எடுத்துக்கொண்டு சீட்டு தருவார்கள். கடைசி இரவு கேபினுக்கு வந்துவிடும், அல்லது ஒரு கூடத்துக்குப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். கப்பலின் வரியில்லாக் கடையில் வாங்கினாலும் பெரும்பாலும் இதே கதைதான். அந்தச் சீட்டைத் தொலைக்காதீர்கள், கடைசி இரவு வரிசை நீளமாக இருக்கும். டிஸ்னியின் விதிவிலக்கை மேலே சொல்லியிருக்கிறேன்.

கேபினிலேயே ஒரு முழு பாட்டில் வேண்டும் என்றால், முன்கூட்டியே கப்பலிடமே சொல்லிக் கேபினுக்கு வரவழைக்கும் வசதி சில கம்பெனிகளில் உண்டு. விலை கடையைவிட அதிகம், பாரைவிடக் குறைவு.

விமானத்துல போய்த்தான் கப்பல் பிடிக்கணும். கையில வெச்சுக்கச் சொல்றீங்க, ஏர்போர்ட்ல விட மாட்டாங்களே?

நல்ல கேள்வி, பலர் தடுமாறும் இடம். பெரும்பாலான விமான நிலையங்களில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் போகாது. ஆகவே விமானத்துக்குப் பாட்டிலைப் பெரிய பெட்டியில் போடுங்கள். இறங்கியபின், துறைமுகத்துக்குப் போகும்முன், கைப்பைக்கு மாற்றுங்கள். என் ஐந்து சட்டைக் கதை நினைவிருக்கட்டும்: இரண்டு பிளாஸ்டிக் பை, அதன்மேல் தடித்த துண்டு, பெட்டியின் நடுவில். இதைவிடச் சுலபம், இறங்கிய ஊரிலேயே வாங்கிக்கொள்வது.

ஆல்கஹால் 24 சதவீதம் வரை உள்ளவற்றுக்கு, அதாவது ஒயினுக்கும் பீருக்கும், விமானப் பாதுகாப்பு விதியில் அளவுத் தடை இல்லை. 24-க்கு மேல் 70 வரை என்றால் கடையில் வாங்கிய மூடிய பாட்டிலாக ஆளுக்கு மொத்தம் 5 லிட்டர். 70-க்கு மேல் விமானத்திலேயே ஏற்ற முடியாது. நாடுகளின் சுங்க அளவு வேறு, விமான நிறுவனத்தின் எடை வரம்பு வேறு. அவற்றையும் பார்க்க வேண்டும்.

திரும்பும்போது எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்? கப்பல்ல வாங்கினதுதானே, வரியில்லாததுதானே?

வரியில்லாக் கடை என்றால் விற்ற இடத்தில் வரி இல்லை என்று பொருள். நீங்கள் போய் இறங்கும் நாடு தன் கணக்கைக் கேட்கும். அமெரிக்காவில் இறங்கினால் 21 வயதானவருக்கு 1 லிட்டர்வரை வரியில்லை. அமெரிக்க வர்ஜின் தீவுகளில் வாங்கி வருபவருக்கு நிபந்தனைகளோடு 5 லிட்டர்வரை சலுகை உண்டு. டெக்சஸின் கால்வெஸ்டன் துறைமுகத்தில் மாநில மதுத்துறை ஆட்கள் மேசை போட்டுத் தனியாக ஒரு வரி வாங்குவார்கள், அதைப் பார்த்துத் திகைக்காதீர்கள். பிரிட்டனில் இறங்குபவருக்கு 4 லிட்டர் ஸ்பிரிட், 18 லிட்டர் ஒயின், 42 லிட்டர் பீர். அவ்வளவையும் யார் தூக்குவது என்பது வேறு விஷயம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கடைசி இரவு பாட்டில் உங்கள் கைக்கு வருகிறது, ஆனால் பெரிய பெட்டியை அதே இரவு கேபினுக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். பெட்டி போய்விட்டது, பாட்டில் கையில், மறுநாள் விமானம். முனையத்தில் பெட்டி கிடைத்ததும் அங்கேயே ஓரமாக நின்று பாட்டிலை உள்ளே வைத்துவிடுங்கள். விமான நிலையச் சோதனையில் ஞாபகம் வந்தால் அதை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

பேசாம டிரிங்க்ஸ் பேக்கேஜ் எடுத்துட்டா இந்தத் தலைவலியே இல்லையே?

நாளுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டிவிட்டுக் குடிப்பதுதான் பேக்கேஜ், நிறையக் குடிப்பவருக்கு அது சரி. கணக்கைப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, பேக்கேஜ் ஒரு நாளைக்கு 75 டாலர், ஒரு பெக் சேவைக் கட்டணத்தோடு 15 டாலர் என்று வையுங்கள். தினம் ஐந்து குடித்தால்தான் போட்ட காசு வரும். துறைமுகத்தில் பகல் முழுக்க வெளியே சுற்றும் நாளிலும் இதே ஐந்து. விளம்பரத்தில் உள்ள விலைமேல் 18 முதல் 20 சதவீதம் சேவைக் கட்டணம் ஏறும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கார்னிவலிலும் ராயல் கரீபியனிலும் ஒரே கேபினில் இருக்கும் பெரியவர்களில் ஒருவர் மது பேக்கேஜ் எடுத்தால் மற்றவரும் எடுக்க வேண்டும். மனைவி மோர்கூடப் பார்த்துக் குடிப்பவர் என்றால் கணக்கு இரட்டிப்பு. கார்னிவலில் நாளைக்கு 15 மதுபானம் என்று உச்சவரம்பும் உண்டு. அந்த வரம்பு தனக்கு இடிக்கிறது என்று ஒருவர் வருத்தப்பட்டார். அவருக்கு நான் வேறு ஆலோசனை சொன்னேன்.

எப்போதாவது இரண்டு கோப்பை குடிப்பவருக்கு, கையில் கொண்டுபோன ஒரு ஒயினும் தேவைப்பட்டபோது பாரில் ஒன்றும் போதும். சில்வர்சீ, ரீஜென்ட், சீபோர்ன் போன்ற கப்பல்களில் மது டிக்கெட்டுக்குள்ளேயே அடக்கம். அங்கே பாட்டில் சுமப்பதில் அர்த்தமே இல்லை.

கேபின்ல இருக்கிற பாட்டிலை எடுத்துட்டுக் கரைக்கு இறங்கலாமா? பீச்சுல உட்கார்ந்து குடிக்க?

கப்பல் விட்டாலும் கரையில் இருக்கும் நாடு விடாது. மாலத்தீவுக்குள் மது கொண்டுபோவதே தடை. சவூதியின் ஜெட்டாவிலும் அப்படியே. மது தாராளமாகக் கிடைக்கும் நாடுகளிலும் பொது இடத்தில் பாட்டிலைத் திறப்பது பல ஊர்களில் குற்றம். பாட்டில் கேபினிலேயே இருக்கட்டும்.

பாதி பாட்டில் மிச்சமிருக்கு சார். என்ன பண்றது?

சாப்பாட்டு அறையில் திறந்தது என்றால் பரிமாறுபவரிடம் சொல்லுங்கள். மூடி, உங்கள் கேபின் எண்ணை ஒட்டி எடுத்துவைப்பார். மறுநாள் இரவு வேறு உணவகத்துக்குப் போனாலும் கேட்டால் கொண்டுவந்து தருவார்கள். கேபினில் திறந்தது என்றால் சின்னக் குளிர்பெட்டியில் வையுங்கள். கப்பல் ஆடும்போது உருளாதபடி தண்ணீர்க் கோப்பைகளை இரண்டு பக்கமும் அண்டை கொடுங்கள்.

கடைசி இரவும் மிச்சமிருந்தால் பெட்டிக்குள் வைக்காதீர்கள். திறந்த பாட்டில் எப்படியும் ஒழுகும். பக்கத்து கேபின்காரருக்கு ஒரு கோப்பை கொடுங்கள், அவரும் வேண்டாம் என்றால் தொட்டியில் ஊற்றிவிட்டுப் படுங்கள். காலை ஏழு மணிக்கு இறங்கச் சொல்லிவிடுவார்கள்.